காங்கிரீட் வேலையின் நன்முறை
நெய்வேலியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிரண்டும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவன. உறையுளோ ஒருமுறை அமைந்தால் ஒரு தலைமுறையோ இரு தலைமுறையோ நிற்கவேண்டுவது. ஆதலின் அதன்கண் நேரும் பிழை எளிதில் திருத்தக்கூடியதன்று. நம் முன்னோர் மண்ணாலும் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டினர். சுண்ணாம்பும் சுர்க்கியுமே அவர்க்குப் பிணைப்புப் பொருள்களாக இருந்தன. 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணையும் அச்சுண்ணாம்புச் சாந்தினைக் கொண்டே எழுந்தது. இக்காலத்திலோ வீடாயினும் பாலமாயினும் தொழிற்சாலையாயினும் எல்லாம் காங்கிரீட்டாகவே காண்கின்றோம். அதனைக் கலந்து, கொண்டுசென்று, இட்டு, முடிக்கும் நன்முறை யாது என்பதை நெய்வேலி நகரத்தை முன்னிட்டு இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

நெய்வேலியை இதற்குத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபொழுது நீரோடு கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20-இல் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த முதல் அனல் மின்னிலையம் மின்சாரம் தரத் தொடங்கி, படிப்படியாக 600 மெகாவாட் ஆற்றலுடையதாய் வளர்ந்து, 2020-இல் ஓய்வுபெற்றது. இவ்வளவு பெரிய வேலைக்கென வட்டம் வட்டமாக வகுத்து ஒரு நகரமே எழுப்பப்பட்டது. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, நீர்த்தொட்டி, புகைபோக்கி, குளிர்விக்கும் கோபுரம், இயந்திர மேடை ஆகிய காங்கிரீட் வேலையின் வகைகள் அனைத்தையும் ஒரே ஊரில் ஒருங்கு காண விரும்புவோர்க்கு நெய்வேலியினும் ஏற்ற இடம் நம் நாட்டில் அரிது.

இஃது என்ஜினீயர்கட்கே உரிய விஷயம், நமக்கென்ன என்று மாணவர் சிலர் எண்ணலாம். அது பொருந்தாது. நம்மிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையேனும் வீடு கட்டுவோம். அல்லது பிறர் கட்டிய கூரையின் கீழ் உறங்குவோம். 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அவருள் மிகுதியோர் நாட்கூலிக்கு வந்த தொழிலாளரே. அவ்விபத்தின் காரணங்களை ஆராய்வது நம் நோக்கமன்று. கட்டட வேலையில் நிகழும் தவற்றுக்கு, அதனைச் செய்தார் மட்டுமன்றி யாதுமறியாதாரும் உயிரை விலையாகக் கொடுக்க நேர்கிறதென்பதை மட்டும் நினைவிற்கொள்வோமாக.

காங்கிரீட்டின் இயல்பு.— சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் என்னும் நான்கும் சேர்ந்த கலவையே காங்கிரீட். இது ‘காய்ந்து’ இறுகுகிறதென்று பலர் கருதுவர். அக்கருத்துப் பிழையாகும். சிமெண்டும் நீரும் ரசாயனமாகக் கூடிப் புதிய பொருள்களாக மாறுவதனாலேயே இறுக்கம் உண்டாகிறது. எனவே, காங்கிரீட் இறுகுவதற்கு ஈரம் வேண்டும்; உலர்ச்சி அதற்குப் பகை. இவ்வொரு கருத்தை உள்ளவாறு உணர்ந்தவர் பின்வரும் விதிகளிற் பலவற்றைத் தாமே ஊகித்துக் கொள்ளலாம்.

சிமெண்டுடன் ரசாயனமாகச் சேர்வதற்கு அதன் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு நீரே போதும். ஆனால், கலவை நெகிழ்ந்து அச்சின் மூலைகளிற் சென்று படிய அதனினும் மிகுதியான நீர் தேவை. அங்ஙனம் மிகுந்த நீர் பின்னர் வெளியேறும்பொழுது கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. துளை மிகுந்தால் வலிமை குறையும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள இவ்விகிதமே காங்கிரீட்டின் வலிமையை முதன்மையாக நிர்ணயிக்கிறதென்று அமெரிக்க அறிஞர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் விளக்கினார். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 25 லிட்டர் நீர் சேர்த்தால் விகிதம் 0.50 ஆகும். வேலை எளிதாகட்டும் என்று மேலும் 5 லிட்டர் ஊற்றினால் அது 0.60 ஆகிவிடும். அதனால் வலிமை உத்தேசமாக ஐந்தில் ஒரு பங்கு குறையக்கூடும். ஒரு வாளி நீரில் பாதியும் ஆகாத அவ்வளவு, சிமெண்டிற் செலவிட்ட பொருளில் ஒரு பகுதியைப் பயனற்றதாக்கி விடுகிறது.

பொருள்களை ஆராய்தல்.— கலப்பதற்கு முன் பொருள்களை அறிதல் வேண்டும். சிமெண்டு மூட்டைகளைத் தரையிலும் சுவரோரத்திலும் சார்த்தாமல் பலகைமேல் அடுக்குக. முன் வந்ததை முன் செலவிடுக. ஜல்லியிலும் மணலிலும் களிமண், இலை, வேர் முதலியன இருத்தல் ஆகாது. ஆற்று மணலாயினும் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஆயினும் இவ்விதி ஒன்றே.

ஈரமணலின் இயல்பு ஒன்று ஈண்டு உணரத்தக்கது. சிறிதளவு ஈரமுற்ற மணல் உப்பிப் பருமனிற் பெருகும். உலர்ந்த மணலும் நீரில் முழுதும் மூழ்கிய மணலும் அங்ஙனம் உப்புவதில்லை. இதனை அறிய ஓர் எளிய சோதனையுண்டு. நேரான கண்ணாடிச் சாடியொன்றில் ஈரமணலை 20 சென்டிமீட்டர் உயரத்திற்கு இட்டு, மூழ்கும்படி நீர்விட்டுக் கிளறிப் படியவிடுக. மட்டம் 16 சென்டிமீட்டராக இறங்கினால், மணல் நாலிலொரு பங்கு உப்பியிருந்தது என்பது தெளிவு. பெட்டியால் அளப்பவர் அவ்வளவு மணலை மிகுதியாகச் சேர்த்தல் வேண்டும். அன்றியும் அவ்வீரம் கலவையின் நீர்க்கணக்கிலும் சேரும். மூட்டையொன்றிற்கு 80 கிலோ மணலிடும் கலவையில், மணலின் ஈரம் நூற்றுக்கு 4 ஆயின், ஏறக்குறைய 3 லிட்டர் நீர் நாம் ஊற்றாமலே வந்துவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் வேலை செய்வோர் இதனை மறத்தலாகாது.

நீர் தூயதாயிருத்தல் வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே அழுத்தம் மிக்க நீரூற்றுப் படுகை உளது. சுரங்கத்தைக் காத்தற்பொருட்டு அந்நீர் இரவும் பகலும் இறைக்கப்படுகிறது. இத்தகைய ஊரில் நீருக்குப் பஞ்சமில்லை எனலாம். எனினும், நீர் நிறைந்திருப்பது வேறு, தகுதியுடைத்தாயிருப்பது வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456-ஆம் எண் விதிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும், ஸல்பேட்டு 400 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாதென வரையறுக்கிறது. உப்பு மிக்க நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும்.

நெய்வேலிக்கே சிறப்பாக உரிய பொருள் சாம்பலாகும். அனல் மின்னிலையத்தின் புகையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்ணிய உலர்சாம்பலைச் சிமெண்டின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பயன்படுத்தலாம். அது கலவையை வழவழப்பாக்கும். உண்டாகும் உஷ்ணத்தைக் குறைக்கும். காலம் செல்லச்செல்ல வலிமையையும் நெருக்கத்தையும் வளர்க்கும். ஆயினும் பழுப்பு நிலக்கரியின் சாம்பல், ஏனைய நிலக்கரியின் சாம்பலைப் போன்றதன்று; அதிற் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கந்தகச் சேர்க்கையும் கூடுதலாக இருக்கலாம். அளவிற்கு மிஞ்சினால் இவை இறுகிய காங்கிரீட்டை உள்ளிருந்து வீங்கச் செய்யும். ஆதலின் சோதனைச் சீட்டில்லாத சாம்பலைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கலத்தல் கூடாது. கொதிகலத்தின் அடியிற் படியும் பருஞ்சாம்பலை மணலென மயங்குவதும் தகாது.

கலத்தல்.— கலவை இயந்திரத்தில் முதலில் நீரிற் சிறிது ஊற்றி, பின் ஜல்லி, மணல், சிமெண்டு என்னும் முறையே இட்டு, எஞ்சிய நீரைச் சேர்த்தல் நலம். சுழலும் கலத்தில் சிமெண்டு ஒட்டிக்கொள்ளாமைக்கு இவ்வரிசை துணைபுரியும். எல்லாம் இட்டபின் 2 நிமிடமேனும் சுழலவேண்டும்; கலவை முழுதும் ஒரே நிறமும் ஒரே பதமும் பெறவேண்டும். விரைவு கருதிக் கலத்தை அளவுக்கு மேல் நிரப்பினால், அடியிலுள்ளது கலவாமலே வெளிவரும். கையாற் கலக்க நேரின், வெறுந்தரையில் கலத்தலாகாது. இரும்புத் தகட்டின்மீதே கலக்க. மணலையும் சிமெண்டையும் உலர்வாகப் பலமுறை புரட்டி நிறம் ஒன்றானபின் ஜல்லியைச் சேர்த்துப் புரட்டி, இறுதியில் நீரைப் பூவாளியால் தெளித்தல் முறை. கைக்கலவையின் குறையை ஈடுசெய்யப் பத்தில் ஒரு பங்கு சிமெண்டு மிகுதியாகச் சேர்ப்பதும் வழக்கம்.

பதத்தை அறியக் கூம்புச் சோதனை எளியது. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கோலால் 25 முறை குத்தி, கூம்பை மெல்ல மேலே தூக்குக. கலவை எவ்வளவு தாழ்கிறதோ அதுவே அதன் பதம். கம்பி குறைவான தளத்திற்கு 25 முதல் 75 மில்லிமீட்டர் வரை தாழலாம். கம்பி நெருங்கிய இடத்திற்கு 100 வரை செல்லலாம். ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் தாழ்வு மாறிக்கொண்டே இருப்பின், யாரோ நீரைக் கணக்கின்றி ஊற்றுகின்றனர் என்பது வெளிப்படை.

கொண்டுசெல்லல்.— கலவையைக் கொண்டுசெல்லும் வழியில் மூன்று தீங்குகள் நேரக்கூடும்: ஜல்லி தனியே சாந்து தனியே பிரிதல், நீர் வற்றுதல், இறுகத் தொடங்குதல். சாந்துச் சட்டியைக் கைமாற்றி அனுப்பும் வரிசையாயினும், தள்ளுவண்டியாயினும், குழாய்வழிச் செலுத்தும் பம்பாயினும் இம்மூன்றையும் தவிர்ப்பதே குறிக்கோள். தொலைவிலுள்ள ஆலையிற் கலந்து சுழலும் லாரியில் வரும் கலவையை, ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்குதல் பொதுவிதி. சித்திரை வெயிலில் அதனினும் விரைதல் வேண்டும். வழியில் இறுகிய கலவையில் நீரூற்றி இளக்குவது பெரும்பிழை. இறுகியது இறுகியதே, அதனை நீக்குவதன்றி வேறு வழியில்லை.

ஈண்டுப் பலர் கவனியாத ஒரு தீங்கினைக் குறிப்பிடுவது அவசியமாகும். வாயிலுக்கு மேல் நீட்டும் வெயில் மறைப்பு, மாடத்தின் முன்தளம் முதலியவற்றில் முதன்மைக் கம்பி தளத்தின் மேற்புறத்தில் இருக்கும். ஏனெனில் அங்கு மேற்புறமே இழுபடுவது. சட்டி சுமப்போர் அக்கம்பியின்மேல் நடந்தால் அது கீழே அழுந்திவிடும். 100 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்தில், அடியிலிருந்து 75 மில்லிமீட்டரில் இருக்கவேண்டிய கம்பி 50-க்கு இறங்கினால், தாங்கும் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு போய்விடும். மேலே பூசி மழுக்கியபின் இக்குறை எவர் கண்ணுக்கும் தெரியாது. நடப்பதற்குத் தனிப் பலகைப் பாலமிட்டும், கம்பிக்குக் கீழே தாங்கிகள் வைத்தும் இதனைத் தடுக்கலாம். இரண்டு பலகைகளின் வாடகையே இதற்கு ஆகும் செலவு.

இடுதல்.— காங்கிரீட் இடுவதற்கு முன் சென்டரிங் பலகைகளின் இடுக்குகள் அடைக்கப்பட்டனவா, முட்டுகள் உறுதியான தரையில் நிற்கின்றனவா, மரத்தூளும் கம்பித் துண்டுகளும் அகற்றப்பட்டனவா என்று பார்க்க. கம்பிக்கும் பலகைக்கும் இடையே உரிய கனத்தில் கவர் கட்டைகள் வைத்தல் வேண்டும். தூணுக்கு 40 மில்லிமீட்டரும், அடித்தளத்திற்கு 50 மில்லிமீட்டரும் பொதுவான அளவுகள். ஜல்லித் துண்டை இடுக்கி வைத்து அதனைக் கவர் கட்டையென்று சொல்வது ஏமாற்றேயாம்.

கலவையை 1.5 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து கொட்டுதல் ஆகாது. கொட்டினால் ஜல்லி முந்திச்சென்று அடியில் தங்கும். தூணின் அடியில் தேனடைபோன்ற பொந்துகள் தோன்றுவதற்கு இதுவே பெருங்காரணம். தூணின் சுமை முழுதும் வந்திறங்கும் இடம் அவ்வடிதான் என்பதை எண்ணும்பொழுது இதன் கேடு விளங்கும். ஓரிடத்திற் குவித்துப் பின் வைப்ரேட்டரால் தள்ளுவதும் தவறு. அடுக்கடுக்காகப் பரப்புக. வைப்ரேட்டர் ஊசியை நேராகவும் விரைவாகவும் இறக்கி, கீழடுக்கினுள்ளும் சிறிது புகச்செய்து, குமிழிகள் எழுவது நின்று மேற்பரப்பு மினுங்கியவுடன் மெதுவாக எடுத்தல் வேண்டும். குறைவாக அசைத்தால் பொந்து விழும். மிகையாக அசைத்தால் ஜல்லி கீழே தங்கிச் சாந்து மேலே மிதக்கும்.

தொடங்கிய பகுதியை இடையறாது முடித்தல் உத்தமம். நிறுத்த நேரின், உத்தரத்தின் முனையருகே நிறுத்தாமல், வெட்டுவிசை குறைந்த நடுப்பகுதியில் நேர்ப்பலகை வைத்து நிறுத்துக. மறுநாள் அம்முகத்தைச் சுரண்டி, பாலாடைபோற் படிந்ததை நீக்கி, நனைத்து, சிமெண்டுக் குழம்பு பூசியபின் தொடர்க.

நெய்வேலிப் பக்கத்து வெயில் கடுமையானது. சுற்றுப்புற உஷ்ணம் 40 பாகையைக் கடந்தால் அதனை வெப்பக்கால வேலையெனக் கொண்டு தனி முறைகளைக் கையாள வேண்டும். விடியற்காலத்தில் அல்லது மாலையில் வேலையைத் தொடங்குதலும், ஜல்லிக்கு நிழலிட்டு நீர் தெளித்தலும், நீர்த்தொட்டியை மூடிவைத்தலும் எளிய முறைகள். மின்னிலையத்தில் டர்பைனைத் தாங்கும் மேடை போன்ற பருத்த காங்கிரீட்டில் வேறொரு தொல்லையும் உளது. சிமெண்டும் நீரும் கூடும்பொழுது உண்டாகும் உஷ்ணம் உட்புறத்தில் தேங்கி நிற்க, வெளிப்புறம் விரைவில் ஆறிவிடும். உள்ளும் புறமும் வேறுபட்டு விரிவதனால் வெடிப்பு உண்டாகும். சிமெண்டைக் குறைத்துச் சாம்பலைச் சேர்த்தலும், நீருக்கு ஈடாகப் பனிக்கட்டி இடுதலும், புறத்தைப் போர்த்து மெல்ல ஆறவிடுதலும் இதற்குப் பரிகாரங்கள்.

முடித்தல்.— பரப்பிய காங்கிரீட்டை மட்டக்கோலால் இழுத்துச் சமப்படுத்தியபின் சிறிது பொறுத்தல் வேண்டும். உள்ளிருந்து நீர் கசிந்து மேலே நிற்கும். அது மறையுமுன் கரணையால் தேய்த்தால், நீர் மேற்பரப்பிலேயே கலந்து, நாளடைவில் மாவாக உதிரும் மெல்லிய தோலொன்று உண்டாகும். கசிந்த நீரை உறிஞ்ச வெறுஞ்சிமெண்டைத் தூவும் வழக்கமும் இக்கேட்டையே தரும். நீர் மறைந்தபின் மரக்கட்டையாலும், அதன்பின் வழவழப்பு வேண்டுமிடத்தில் இரும்புக் கரணையாலும் தேய்க்க. காற்றும் வெயிலும் மிகுந்த நாளில் மேற்பரப்பு இறுகுமுன்பே வறண்டு வெடிக்கும். ஈரச்சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ உடனே போர்த்தல் இதனைத் தடுக்கும்.

நீராற்றுதல்.— காங்கிரீட் வேலையில் மிக மலிவானதும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. தளத்தின்மேல் வயலிற்போலப் பாத்திகட்டி நீர் நிறுத்துக. தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க. சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளேனும், வறண்ட வெப்பமான இடத்திலும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் 10 நாளேனும் ஈரம் மாறாதிருக்க வேண்டும். பின்னதற்கு 14 நாள் சாலச் சிறந்தது. 7 நாளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வலிமையே உண்டாகும். ஆதலின் முட்டுகளை அவசரப்பட்டு எடுத்தல் ஆபத்தாகும். 4.5 மீட்டர் வரையுள்ள தளத்திற்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்திற்கு 21 நாளும் முட்டுகள் நிற்கவேண்டுமென்பது சாதாரணச் சிமெண்டுக்கு வகுத்த விதி. சாம்பல் கலந்ததற்கு இன்னும் பொறுத்தல் நலம். முட்டு வாடகைக்கு அஞ்சி நாளைக் குறைப்பவர், தளத்தின் கீழே நிற்பவரின் உயிரைக்கொண்டு அவ்வாடகையைச் செலுத்துகின்றனர்.

சோதனையும் சாட்சியும்.— வேலை நடக்கும்பொழுதே கலவையில் மாதிரி எடுத்து, 15 சென்டிமீட்டர்க் கனசதுரங்கள் மூன்று வார்த்து, 28-ஆம் நாள் அழுத்திப் பார்ப்பது வழக்கம். இது மிக அவசியமேயாயினும் இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். கனசதுரம் கலவையைப் பற்றியே சாட்சி சொல்லும். அக்கலவை தூணின் அடிவரை நிறைந்ததா, கம்பி உரிய இடத்தில் நின்றதா, 7 நாளும் நீர் நின்றதா என்பவற்றை அது அறியாது. இவற்றுக்குச் சாட்சி, அருகே நின்று பார்த்த மனிதனே. ஆகவே, மேற்பார்வையாளர் கையொப்பமிடும் ஏடு, அவர் கண்ணால் கண்டதன் பதிவாக இருத்தல் வேண்டும்.

தொழிலாளர் நலனையும் ஈண்டு மறத்தல் தகாது. ஈரச்சிமெண்டு கடுங்காரமுடையது, கைகால்களைப் புண்ணாக்கும். சட்டி சுமக்கும் சித்தாள்களுக்கும் கலவைக்குள் நின்று வேலை செய்வோர்க்கும் கையுறையும் ரப்பர்க் காலணியும் கழுவ நல்ல நீரும் கொடுத்தல், கருணை மட்டுமன்று, வேலையின் ஒரு பகுதியேயாம். வெறுங்காலோடு வெந்து நிற்பவரிடம் பொறுமையான வேலையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இதுகாறும் கூறியவற்றால், நல்ல காங்கிரீட்டும் கெட்ட காங்கிரீட்டும் பெரும்பாலும் அதே சிமெண்டு, அதே மணல், அதே ஜல்லியாலேயே ஆவன என்பது பெறப்படும். நீரை அளத்தல், இரண்டு நிமிடம் பொறுத்தல், இரண்டு பலகை இடுதல், பத்து நாள் நனைத்தல் முதலிய சிறுசிறு செயல்களே அவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றன. இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செலவை வேண்டுவதன்று. 1962 முதல் ஏறக்குறைய 58 ஆண்டுகள் ஓயாது அதிர்ந்த இயந்திரங்களைத் தாங்கி நின்ற அடித்தளங்களை, நெய்வேலியின் வெயிலில் நின்று இட்டவர்களின் பெயர்கள் எவ்வேட்டிலும் நமக்குக் கிடைப்பதில்லை. அவர்தம் கவனம் மட்டும் நின்று பயன் தந்தது. நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவர் மேற்பார்வையாளராயினும், கட்டடத்துக்கு உரியவராயினும், தம் வேலை நடக்கும் நாளில் ஒரு கூம்பையும் ஓர் அளவுப் பாத்திரத்தையும் உடன்கொண்டு, கலவை இயந்திரத்தினருகே தொடக்கம் முதல் முடிவு வரை நிற்பாராக.